மிக்ஸ்ல கூசுற ஹைஹெட், காதுல விழுந்த பள்ளம்

"மிஸ், இவனுக்குக் காது கேக்குதா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க." போன வருஷம் ஒரு பின்னேரம் கிளினிக் மூடப்போற நேரத்துல வந்த ஒரு பொடியன்ட முதல் வசனம் இது. கூட வந்தவர் முகத்தத் திருப்பிக்கிட்டு "எனக்கு ஒண்டும் இல்ல மிஸ், இவன்ட காதத்தான் நீங்க பாக்கணும்" எண்டார். நான் மட்டக்களப்புல ஓடியோலொஜிஸ்டா, அதாவது காது எவ்வளவு கேக்குது எண்டு டெஸ்ட் பண்றவவா, வேலை செய்யிறன். உனக்குக் காது கேக்கல்ல, இல்ல உனக்குத்தான் கேக்கல்ல எண்டு சண்ட பிடிச்சிட்டு வாற புருசன் பெஞ்சாதிமார நிறையப் பாத்திருக்கன், ஆனா இவங்க ஒரு ரிமிக்ஸ் ஜோடி. அவங்கட சம்மதத்தோடதான் இத எழுதுறன், ஆரெண்டு பிடிபடாம இருக்கச் சில விசயங்கள மாத்தியும் இருக்கன்.

ஒருத்தருக்கு ஊர் கல்லடி, மற்றவருக்குக் கல்முனை, சொந்தத்துல மச்சான்மார். பேர் வேணாம், ஊர வெச்சே சொல்றன். ஓ எல் எழுதின கையோட மாமாட சவுண்ட் சேவிஸ்ல பொக்ஸ் தூக்கப் போனவங்க, கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எண்டு வயர் இழுத்து இழுத்தே ஒரு பாட்டோட இன்னொரு பாட்ட எப்பிடிச் சேக்கிற எண்டு பழகிட்டாங்க. முதல் உழைப்பு கொழும்பு ஓடுற பிரைவேட் பஸ்ஸுகளுக்கு நான்ஸ்டாப் செஞ்சு குடுத்ததுதானாம். டிரைவர்மார் பென் டிரைவக் குடுத்து "தம்பி, மன்னம்பிட்டி தாண்டினா நித்திர வரப்படாது, அப்பிடி ஒண்டு தா" எண்டு கேப்பாங்களாம். அதுக்குப் பிறகு பாசிக்குடா ஹோட்டல் பார்ட்டி, சீசனுக்கு அறுகம்பே, மறுகா டொரோண்டோ லண்டன்ல இருக்கிற நம்மட சனம் மாப்பிள பொம்பிள ஹோலுக்குள்ள வாற பாட்ட ரிமிக்ஸ் பண்ணித் தாங்க எண்டு வாட்ஸ்அப்ல ஓடர் போடத் தொடங்கினாங்க, இப்ப ஒரு மியூசிக் கம்பனி பாடினவர்ர குரல மட்டும் தனியா அனுப்பி டான்ஸ் மிக்ஸ் கேக்கிற அளவுக்கு வந்திருக்காங்க.

வேலையப் பிரிச்சிருக்கிற விதமும் வடிவா இருந்திச்சு. கல்முனைக்காரர் சனத்துக்கு முன்னால நிக்கிறவர், எந்த இடத்துல ஆள் ஆடும், எந்த இடத்துல போய் இருந்திடும் எண்டு அவருக்குத்தான் தெரியும். கல்லடிக்காரர் கொம்பியூட்டருக்கு முன்னால. நூறுக்குக் கீழ ஓடுற மெலடிப் பாட்ட நிமிசத்துக்கு 126, 128 அடி (பீபீஎம்) எண்ட வேகத்துக்குக் கொண்டு வாற, கிக் எண்ட டிரம் அடியையும் பேஸ் எண்ட அடிச்சத்தத்தையும் ஒண்டோட ஒண்டு முட்டாம இருத்திற, இன்னொரு டீஜே தன்ட பாட்டுக்குள்ள இத நுழைக்கிறத்துக்கு முன்னுக்கு 32 பார், அதாவது 32 தாளச்சுத்து, வெறும் பீட் விடுற, இதெல்லாம் அவர்ர கை. பார்ட்டியிலயும் பாதி நேரம் அவர்தான் டெக்ல, பாட்ட மாத்தி மாத்தி ஓட விடுற மெசின்ல.

பிரச்சினை எங்க தொடங்கிச்செண்டா, அந்தக் கம்பனி ஒரே மிக்ஸ மூண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கு, ஹைஹெட்டும் (டிரம்ல 'ட்ஸ் ட்ஸ்' எண்டு கேக்கிற தட்டு) குரல்ல இருக்கிற 'ஸ்'ஸும் ஊசி குத்துற மாதிரி இருக்கு எண்டு சொல்லி. கல்முனைக்காரருக்கு அது ரெண்டு வருசமாவே தெரியுமாம். எத்தினையோ தரம் சொல்லிப் பாத்து, சொன்னா சண்ட வருது எண்டதால, மச்சான் படுத்த பிறகு அந்தப் ப்ரொஜெக்டத் திறந்து 4000 ஹேர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்சு எண்டதுக்கான அளவு) பக்கம் மூண்டு நாலு டெசிபல் (சத்தம் எவ்வளவு பெலம் எண்டதுக்கான அளவு) இறக்கிட்டு விடிய முந்தி வாடிக்கைக்காரருக்கு அனுப்பியிருக்கார். ஒரு நாள் மற்றவர் பழைய பைல் ஒண்டத் தேடப் போய் அதக் கண்டுட்டார். "என்ட மிக்ஸ எனக்குத் தெரியாம மாத்திறான் மிஸ்" எண்டு சொல்லக்குள்ள அவருக்குக் கண் கலங்கிட்டுது. பத்து வருசத்துக்கு மேல ஒண்டாத் திண்டு ஒண்டா உழைச்சவங்க, தனித்தனியாப் பிரியிறத்துக்குக் கதைச்சிட்டுத்தான் கடைசியா என்னட்ட வந்திருக்காங்க.

ரெண்டு பேரையும் ஒருத்தருக்குப் பின் ஒருத்தரா சத்தம் புகாத அறைக்குள்ள இருத்தி 250ல இருந்து 8000 ஹேர்ட்ஸ் வரைக்கும் டெஸ்ட் பண்ணினன். டெஸ்ட் பேப்பர்ல வாற கோடு கீழ இறங்க இறங்க, டெசிபல் எண் கூடக் கூட, காது குறைவாக் கேக்குது எண்டு அர்த்தம். கல்முனைக்காரர்ர கோடு மேலால நேரா ஓடிச்சு. கல்லடிக்காரர்ர கோடு 2000 வரைக்கும் நல்லாத்தான் வந்திச்சு, 3000ல சரிஞ்சு, 4000ல இடது காது 55 டெசிபலுக்கும் வலது காது 35க்கும் இறங்கி, 8000ல திரும்பவும் கொஞ்சம் ஏறிச்சு. இந்தப் பள்ளத்தப் பாத்தா எங்கட தொழில்ல இருக்கிற ஆரும் முதல்ல கேக்கிற கேள்வி "என்ன வேல செய்யிறீங்க, சத்தத்துக்குள்ளயா?" எண்டதுதான். வயசு போய் வாற காது கேளாமை 8000ல கூடக் கூட இறங்கிப் போகும், சத்தத்தால வாறது பெரும்பாலும் 3000க்கும் 6000க்கும் இடையில இப்பிடிக் கிடங்கு மாதிரி விழும். காதுக் குழாய்ட நீளத்துக்கு 3000 பக்கத்துச் சத்தம் தன்பாட்டுல பெருக்கும், அதுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற இடம்தான் முதல்ல அடி வாங்கும். இடது காது கூடுதலாப் போனதுக்கும் காரணம் இருக்கு, டெக்ல நிக்கக்குள்ள அடுத்த பாட்ட இடது காதுல ஹெட்போன வெச்சுத்தான் கேப்பாராம், பக்கத்துல டீஜேக்குக் கேக்க வெக்கிற மொனிட்டர் பொக்ஸ் அலற அலற அதுக்கு மேலால கேக்கிற அளவுக்கு ஹெட்போன ஏத்துவார்.

இப்ப விளங்குதா, அவர் வேணுமெண்டு கூச வைக்கல்ல. தன்ட காதுல இல்லாமப் போன 4000த்த மிக்ஸ்ல போட்டு நிரப்பினவர். அவருக்கு அது அளவாத்தான் கேட்டிருக்கு. ரெண்டு பேப்பரையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினன். ரெண்டு கோடும் பிரியிற இடத்துல கல்முனைக்காரர் விரல வெச்சு, "நான் களவா இறக்கின இடம் இதுதான் மச்சான்" எண்டார். மற்றவர் ஒண்டும் கதைக்கல்ல. கன நேரத்துக்குப் பிறகு என்னட்ட "எத்தின மாசத்துல திரும்பும் மிஸ்?" எண்டு கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுதான் என்ட வேலையில கஷ்டமான வேல. திரும்பாது. ஒரு காதுக்குள்ள பிறக்கக்குள்ளயே சத்தத்த உணர்ற மயிர்க்கலங்கள் கிட்டத்தட்ட 16,000 இருக்கும், சத்தத்தால செத்தது மனிசருக்குத் திரும்ப முளைக்காது. பார்ட்டி முடிஞ்சு வந்து படுக்கக்குள்ள காதுக்குள்ள கீ எண்டு இரைஞ்சு, பஞ்சு வெச்ச மாதிரி அடைச்சு, அடுத்த நாள் சரியாகுதெல்லோ, அத எல்லாரும் "சரியாப் போச்சு" எண்டு விட்டுடுறாங்க. 2009ல குஜாவா, லிபர்மன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகள்ல பாத்துக் காட்டினது என்னண்டா, காது பழையபடி கேக்கத் தொடங்கின பிறகும், மயிர்க்கலம் உயிரோட இருக்கக்குள்ளயே அதுல இருந்து நரம்புக்குப் போற இணைப்புகள் நிறைய அறுந்து போயிருந்திச்சு. மனிசருக்கு இது எவ்வளவு பொருந்தும் எண்டு இன்னும் ஆராயிறாங்க, ஆனா இரைச்சலோட வீட்ட போற ஒவ்வொரு இரவையும் நான் இப்ப ஒரு காயமாத்தான் பாக்கிறன்.

எவ்வளவு சத்தம் எவ்வளவு நேரம் எண்டதுதான் முழுக் கணக்கும். அமெரிக்காவுல தொழில் சுகாதாரம் பாக்கிற நியோஷ் நிறுவனம் 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் எண்டு எல்லை வெச்சிருக்கு, அதுக்கு மேல 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை, 100க்கு வெறும் 15 நிமிசம். பெரிய பொக்ஸுக்குப் பக்கத்துல 100 எண்டது லேசா வாற அளவு, இவங்க அதுக்குள்ள அஞ்சாறு மணித்தியாலம் நிக்கிறவங்க. உலக சுகாதார நிறுவனமும் 2022ல பாட்டுப் போடுற இடங்களுக்கு 15 நிமிசச் சராசரி 100 டெசிபலத் தாண்டப்படாது, வாறவங்களுக்குக் காதடைப்பான் குடுக்கணும், அமைதியா இருக்கிறத்துக்கு ஒரு இடம் இருக்கணும் எண்டு சொல்லியிருக்கு. நம்மட பக்கத்துக் கல்யாண ஹோல்ல இத ஆரும் அளந்து நான் காணல்ல. ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு நியோஷ்ட சத்தம் அளக்கிற அப் இலவசமாவே கிடைக்குது, டீஜே நிக்கிற இடத்துல ஒருக்காப் போட்டுப் பாருங்க.

ஆனா கல்லடிக்காரரிட்ட நான் தோண்டித் தோண்டிக் கேட்டதுல, பார்ட்டிய விட வீடுதான் கூடச் சேதம் செஞ்சிருக்கு எண்டு எனக்குப் படுது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போட கொண்டாட்டம் எல்லாம் நிண்டுச்சு, மறுகா கொரோனா, உழைப்புக்கு வெளிநாட்டு ஓடர் மட்டும்தான். வீட்டுல சின்னப் பிள்ள இருக்கிறதால ஸ்பீக்கர்ல போட ஏலாது, ஹெட்போன மாட்டிட்டு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம். 2022ல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலத்துல பக்கத்துக் கடை ஜெனரேட்டர் சுவரோட நிண்டு இரைய, அதுக்கு மேலால கேக்கிறத்துக்கு வொலியூம ஏத்தி ஏத்தி லெப்டொப் பெட்டரி முடியும் வரைக்கும் வேலை செஞ்சிருக்கார். வழமையா எவ்வளவுல வைப்பீங்க எண்டு கேட்டன். வெச்சுக் காட்டி ஹெட்போனக் கழட்டி மேசையில வெச்சார், ஒரு முழம் தள்ளி இருந்த எனக்குப் பாட்டு வரி சொல்லுச் சொல்லா விளங்கிச்சு.

இன்னொண்டு, மிக்ஸ் பண்றவங்க கட்டாயம் அறிஞ்சிருக்க வேண்டியது. 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினாங்க, சத்தம் குறைவா இருக்கக்குள்ள மனிசக் காதுக்கு பேஸும் மேல் சத்தமும் (ஹைஹெட் மாதிரிக் கீச்சுச் சத்தம்) குறைஞ்சு கேக்கும், ஏத்தினா ரெண்டும் நிறைஞ்சு வரும். அதாலதான் ஏத்தின உடன "ஆ, இப்பத்தான் மிக்ஸ் நல்லா இருக்கு" எண்டு தோணுறது. மிக்ஸ் நல்லா வரல்ல, காது அப்பிடிக் கேக்குது, அவ்வளவுதான். பக்கத்துல இருக்கிறவரோட சத்தம் போடாமக் கதைக்கக்கூடிய அளவுல வெச்சு வேல செஞ்சு, கடைசியில ஒரு ரெண்டு நிமிசம் மட்டும் ஏத்திப் பாத்தாக் காணும்.

காதுல பஞ்சு வெக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்ல. ஃபோம் அடைப்பான் நல்லாத் தடுக்கும், ஆனா மேல் சத்தத்தக் கூடுதலாத் தடுக்கிறதால பாட்டு மங்கிக் கேக்கும், டீஜேமார் அதக் கழட்டி எறியிறதும் அதாலதான். இசைக்காரருக்கெண்டு ஃபில்ட்டர் வெச்ச அடைப்பான் இருக்கு, எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி 15 டெசிபல் அளவுக்கு இறக்கும், பாட்டு அப்பிடியே இருக்கும். 15 இறங்கினா 100, 85 ஆகுது, 15 நிமிசம் 8 மணித்தியாலம் ஆகுது. சரியான ஒரு ஹெட்போன்ட விலை கூட வராது.

காது ஒரு நாள்ல திடீரெண்டு அடைச்சுக் கேக்காமப் போனா அது வேற கத, குடும்பி எண்டு நினைச்சு எண்ணெய் விட்டுட்டு இருக்க வேணாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மருந்து சில நாளுக்குள்ள தொடங்கினாத்தான் பிரயோசனம். பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூன்ல தனக்கு அப்பிடி ஒரு நாள் காது கேக்காமப் போனதப் பத்தி எழுதக்குள்ள, அவவுக்கு வைரஸால வந்ததெண்டு டொக்டர்மார் சொன்னாலும், சத்தமான பாட்டையும் ஹெட்போனையும் பத்தி இளம் ஆக்களுக்கு எச்சரிக்க மறக்கல்ல.

இவங்க ரெண்டு பேருக்கும் மாஸ்டர்ஸ் அட் வேர்க் எண்ட ரிமிக்ஸ் ஜோடி எண்டா உயிர், லூயி வேகாவும் கெனி டோப் கொன்சாலஸும் 90கள்ல நியூயோர்க்ல ரிமிக்ஸ் பண்ணத் தொடங்கினவங்க, நம்மட நாட்டுல பாட்டுக்கார ஜோடி பாத்தியாவும் சந்தூஷும் 1998ல இருந்து ஒண்டா நிக்கிறாங்க எண்டும் அவங்களே எனக்குச் சொன்னாங்க. அப்ப நான் கேட்டன், இன்னும் இருபது வருசம் இந்தத் தொழில்ல நிக்க ஆசையெண்டா எந்தக் காதோட நிக்கப் போறீங்க எண்டு.

பிரியல்ல அவங்க. வேலைய மாத்திட்டாங்க. பீட்டும் பேஸும் பாட்டு ஓடுற விதமும் இப்பவும் கல்லடிக்காரர்தான், அதுல அவர்ர காது பழுதில்லாம இருக்கு. 2000க்கு மேல கடைசிக் கை கல்முனைக்காரர்ர, அதுவும் மற்றவர் பக்கத்துல இருக்கக்குள்ள, ஸ்கிரீன்ல அலைவரிசை மீட்டரப் பாத்துப் பாத்து. கல்லடிக்காரருக்கு முதல் மாசம் அது சரியான மனவருத்தமா இருந்திச்சாம். பார்ட்டிக்கு ரெண்டு பேரும் அடைப்பானோட போறாங்க, மொனிட்டர் பொக்ஸ இறக்கித்தான் வைக்கிறாங்க, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒருத்தர் வெளிய போய் நிக்கிறார்.

இந்த வருசம் திரும்ப டெஸ்டுக்கு வந்தாங்க. 4000ல அதே 55, அதே 35, ஒரு புள்ளியும் இறங்கல்ல. கல்லடிக்காரர் அந்தப் பேப்பரப் போன்ல படம் எடுத்து, வெளிய வாங்குல இருந்த மச்சானுக்கு உள்ளுக்கிருந்தே அனுப்பினார்.