கணைக்காலில் சுழலும் தோல்

"பைக் விபத்தில் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிறது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா? எதற்கு எட்டு மணி நேர ஆபரேஷன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போதாது. ஒட்டுகிற தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடிருக்கும்; அப்புறம் கீழிருந்து ரத்தக்குழாய்கள் வந்து இணைய வேண்டும். தசை மேல் ஒட்டினால் வரும். சவ்வு உரிந்த வெற்றெலும்பிலிருந்து வராது. கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான்.

ஆகவே சொந்த ரத்த ஓட்டத்தோடு சதையைக் கொண்டுவர வேண்டும். ஃபிளாப் என்பது இதைத்தான். முழங்காலை ஒட்டிய காயம் என்றால் கெண்டைக்கால் தசையைத் திருப்பிவிடலாம், நடுப்பகுதிக்கு அதனடியில் உள்ள சோலியஸ் தசை. கணுக்காலை நெருங்கினால் தசை தீர்ந்து அதை எலும்போடு இணைக்கும் நாண்தான் மிச்சம். அங்கே கைகொடுப்பது புரொப்பெல்லர் ஃபிளாப். எனக்கு மிகவும் பிடித்த வித்தை.

கணைக்காலின் பெரிய தமனிகளிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவிலான கிளைகள் தோலுக்கு ஏறி வருகின்றன. டாப்ளர் கருவியை வைத்தால் உஸ், உஸ் என்று துடிப்பு கேட்கும்; கேட்ட இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு, தோலை நீள்வட்டமாகச் சுற்றிலும் அறுத்து 180 பாகை சுழற்றினால், மேலே இருந்த நல்ல தோல் காயத்தின் மேல் வந்து உட்காரும்.

சரி, குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளாதா? முறுக்கும். தமனியின் சுவர் தடிப்பு, உள்ளே அழுத்தமும் அதிகம், தாங்கிக்கொள்ளும். கூடவே வரும் சிரை மெல்லியது, அதுதான் முதலில் அடைபடும். வந்த ரத்தம் திரும்ப வழியில்லாமல் தோல் நீலம் பாரித்துவிடும். இதைத் தவிர்க்கத்தான், குழாயைப் பிடித்திருக்கும் நார்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்து ஒவ்வொன்றாக வெட்டி, அதைச் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு விடுவிக்கிறார்கள். அரைச் சுற்று முறுக்கு அந்த நீளம் முழுக்கப் பரவிவிடுவதால் எந்த இடத்திலும் மடிப்பு விழாது. எவ்வளவு எளிய வடிவியல்!

காயம் பெரிதென்றால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையைத் தனியாக எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் குழாய்களைத் தைத்து இணைக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆவது இதனால்தான். ஸ்லோவேனிய அறுவைசிகிச்சை நிபுணர் மார்கோ கோடினாவின் 532 நோயாளிகளின் முடிவுகள் 1986-இல் வெளியாயின. 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃபிளாப் வீணானது 0.75 சதவீதம், அதன்பின் மூன்று மாதத்துக்குள் செய்தவர்களில் 12 சதவீதம்.

இந்த நேரத்தைத்தான் நம் ஊரில் காயத்தில் காப்பித்தூள் அப்பியும், நாட்டுக்கட்டு போட அலைந்தும் தொலைக்கிறார்கள். கோபமாக வருகிறது. கோவை கங்கா மருத்துவமனையில் உருவான மதிப்பெண் முறை, நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா என்று முடிவெடுக்க உதவுகிறது. அந்தத் திறமை மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும். நுண் அறுவைசிகிச்சைப் பயிற்சிக்கு அரசு தாராளமாகச் செலவழிக்கலாம்.

வாசகிக்கு ஒரு வார்த்தை: நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காயம் ஆறும்வரை தம்பி சிகரெட்டைத் தொடக் கூடாது, பார்க்க வருகிறவர்களும் அவர் பக்கத்தில் புகைக்கக் கூடாது.