ட்ரீட்டி: உடன்படிக்கை அல்ல, பேச்சுவார்த்தை

மன்னரும் நாடாளுமன்றமும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போர் வரலாற்றில் மூன்று ‘ட்ரீட்டி’கள் (treaty) அடிக்கடி வரும்: ஆக்ஸ்ஃபோர்டு (1643), அக்ஸ்பிரிட்ஜ் (1645), நியூபோர்ட் (1648). அகராதியில் ட்ரீட்டிக்கு உடன்படிக்கை, ஒப்பந்தம் என்று இருக்கும். அதை எடுத்து ‘அக்ஸ்பிரிட்ஜ் உடன்படிக்கை’ என்று எழுதினால் பெரும்பிழை. மூன்று ஊர்களிலும் மன்னர் முதலாம் சார்லஸும் நாடாளுமன்றமும் உடன்பட்டு முடித்த ஆவணம் எதுவும் இல்லை. மூன்றும் முறிந்து போன பேச்சுகள்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘டிராஹெரே’ என்றால் இழுத்தல். அதிலிருந்து பிறந்த ‘டிராக்டாரே’ என்பதற்குக் கையாளுதல், ஒரு காரியத்தை எடுத்து நடத்துதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், நிபந்தனைகளை வைத்துப் பேசும் செயலையே வெகுகாலம் குறித்தது. கையெழுத்தான ஆவணம் என்ற பொருளும் கூடவே இருந்தது; பின்னாளில் அதுவே மேலோங்கிவிட்டது. ஏலம் விடாமல், வாங்குபவரோடு விலை பேசி வீடு விற்பதை ‘பிரைவேட் ட்ரீட்டி’ என்று இன்றும் சொல்வதில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஒரு ட்ரீட்டி எப்படி நடந்தது என்பதற்கு அக்ஸ்பிரிட்ஜைப் பார்ப்பது நல்லது. முதலில் இரு தரப்பும் பேராளர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும். மறுதரப்பு அவர்களுக்கு வழிக்காப்புச் சீட்டு தரும். சீட்டில் பெயர் இல்லாதவர் எதிரியின் எல்லைக்குள் வந்தால் சிறைதான். சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. 1642இல், அரசாணைகளைச் செல்லுபடியாக்கும் பெருமுத்திரை லண்டனிலிருந்து யார்க்கில் இருந்த மன்னரிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பின் அந்த முத்திரையிட்டு அவர் வழங்கிய பட்டங்களை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஏற்றால் அந்த முத்திரையையும் ஏற்றதாகிவிடும். ஆகவே புதுப் பட்டம் பெற்றவர்களைப் பழைய பெயரிலேயே குறித்தார்கள்.

மன்னருக்கும் இதே தலைவலி. வெஸ்ட்மின்ஸ்டரில் கூடியிருப்பவர்களை ‘நாடாளுமன்றம்’ என்று அழைத்தால்தான் பேச்சு தொடங்கும். ஆலோசனைக் குழுவின் வற்புறுத்தலால் சார்லஸ் அப்படி எழுதினார். ஆனால் அப்படி அழைத்தது அவர்களை நாடாளுமன்றமாக ஏற்றதாகாது என்றும், குழுவில் தன் கருத்துக்கு இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் அதைக்கூடச் செய்திருக்கமாட்டேன் என்றும் அரசிக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். 1645 ஜூன் 14 நேஸ்பிப் போரில் அவருடைய கடிதப் பெட்டி பிடிபட்டது. நாடாளுமன்றம் கடிதங்களை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டது. அதற்குப் பிறகு அவருடைய வாக்குறுதியை நம்பிப் பேச வருபவர்கள் குறைந்ததில் வியப்பில்லை.

அக்ஸ்பிரிட்ஜ் பேச்சு 1645 ஜனவரி இறுதியில் தொடங்கியது. ஊரின் ஒரு பக்கம் மன்னர் தரப்புக்கு, மறு பக்கம் நாடாளுமன்றத் தரப்புக்கு. காலக்கெடு 20 நாள். பொருள் மூன்று: சமயம், படையதிகாரம், அயர்லாந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள், முடிந்ததும் அடுத்தது, பிறகு மீண்டும் முதலிலிருந்து. வாயால் வாதாடினாலும் எழுத்தில் கொடுத்த தாள்தான் கணக்கு. படையதிகாரத்தில், மன்னரும் நாடாளுமன்றமும் பாதிப் பாதியாக நியமிக்கும் குழுவிடம் மூன்றாண்டுக்குப் படையை ஒப்படைக்க மன்னர் தரப்பு முன்வந்தது. நாடாளுமன்றமோ தாங்கள் நம்புகிறவர்கள் கையில்தான் படை இருக்கவேண்டும் என்றது. வாளை யார் வைத்திருப்பது என்ற இந்தக் கேள்விக்குப் பாதி வழி கிடையாது; போர் தொடங்கியதே அதற்காகத்தான். பிப்ரவரி 22இல் எல்லோரும் கலைந்தார்கள்.

இரண்டாண்டு முன் நடந்த ஆக்ஸ்ஃபோர்டு பேச்சு முறிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நார்தம்பர்லாண்டு பிரபு தலைமையில் போன பேராளர்களுக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரமே இல்லை. எதற்கும் லண்டனைக் கேட்டு எழுதவேண்டியிருந்தது. இறுதியில், நாடாளுமன்றத்தை லண்டனுக்கு 20 மைலுக்கு அப்பால் மாற்றவேண்டும் என்று மன்னர் கேட்டார். ஏப்ரலில் பேராளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

பேச வருபவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத் தமிழ் மரபு துல்லியமாகவே பிரித்திருக்கிறது. குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என்று தூதரை இரண்டாக வகுத்து, முன்னவன் அமைச்சனுக்கு ஒப்பானவன் என்கிறார். 1646இல் நியூகாஸிலில் இருந்த மன்னரிடம் நாடாளுமன்றம் அனுப்பியவர்கள் முழுக்க இரண்டாம் வகை. நாடாளுமன்றத்தின் கோரிக்கைகளைக் கொடுத்து, 10 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதிலை வாங்கி வருவது மட்டுமே வேலை. பேச அதிகாரம் உண்டா என்று சார்லஸ் கேட்டார், இல்லை என்றார்கள். அப்படியானால் நேர்மையான ஓர் எக்காளக்காரனே (போரில் செய்தி கொண்டுபோகிறவன்) இந்த வேலையைச் செய்திருப்பானே என்றார் அவர். அதனால்தான் வரலாற்றில் அதற்கு ‘நியூகாஸில் கோரிக்கைகள்’ என்று பெயர். ட்ரீட்டி என்று யாரும் சொல்வதில்லை.

நியூபோர்ட்டில் நிலைமை வேறு. மன்னர் அப்போது கைதி. 1648 ஜனவரியில் அவரோடு இனிப் பேச்சே இல்லை என்று தீர்மானித்த நாடாளுமன்றம், ஆகஸ்டில் அதை ரத்து செய்து, பிரபுக்கள் 5 பேர், பொதுமக்கள் அவையினர் 10 பேர் எனப் பதினைந்து பேரை நியூபோர்ட் இருக்கும் வைட் தீவுக்கு அனுப்பியது. செப்டம்பர் 18இல் தொடங்கிய பேச்சுக்கு 40 நாள் கெடு. பலமுறை நீட்டி நவம்பர் 27 வரை போனது. விதானத்தின் கீழ் சார்லஸ் தனியாக உட்கார்ந்து பதினைந்து பேருக்கும் ஒருவராகப் பதில் சொன்னார். ஆலோசகர்கள் பின்னால் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. கலந்து பேச மன்னர்தான் எழுந்து வேறு அறைக்குப் போகவேண்டும். எல்லாம் முடிவாகும் வரை தனித்தனியாக ஒத்துக்கொண்டது எதுவும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவர் முன்கூட்டியே நிபந்தனை போட்டுக்கொண்டார். ட்ரீட்டி என்பது தாள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் பேச்சு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். படையதிகாரத்தை 20 ஆண்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஆயர் பதவிகளை அடியோடு ஒழிக்க மட்டும் ஒப்பவில்லை. தப்பிப்பதற்காகவே இவ்வளவு விட்டுக்கொடுத்தேன் என்று அக்டோபரில் ரகசியமாக எழுதியும் வைத்தார்.

டிசம்பர் 5இல், மன்னரின் பதில்களை வைத்து மேலே போகலாம் என்று பொதுமக்கள் அவை 129க்கு 83 என்று வாக்களித்தது. மறுநாள் காலை, பேச்சை எதிர்த்த நாடாளுமன்றப் படை அவையின் வாசலில் நின்று, அப்படி வாக்களித்தவர்களை உள்ளே விடவில்லை. 1649 ஜனவரி 30இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது.

தமிழில் என்ன எழுதலாம்? பழஞ்சொல் வேண்டுமென்றால் ‘சந்து செய்தல்’ இருக்கிறது. போரிடுபவரை இணக்கப் பேசுவதையே அது குறிக்கும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் எதிரெதிரே நின்றபோது கோவூர்கிழார் செய்தது அதுதான். ஆனால் இன்று சந்து என்றால் தெருச்சந்துதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘அக்ஸ்பிரிட்ஜ் அமைதிப் பேச்சு’, ‘நியூபோர்ட் அமைதிப் பேச்சு’ என்பதே பொருத்தம். அங்கே போனவர்களை ஆங்கிலத்தில் ‘கமிஷனர்’ என்பார்கள்; அதற்கு ‘ஆணையர்’ வேண்டாம், அது நிர்வாகப் பதவி போல் ஒலிக்கும், ‘பேராளர்’ போதும். ‘சமரசம்’, ‘தீர்வு’ இரண்டும் முடிவைக் குறிப்பவை, இங்கே ஒட்டாது. ‘உடன்படிக்கை’யை ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்து இரு தரப்பும் கையெழுத்திட்ட 1648 வெஸ்ட்ஃபாலியா போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.