‘ஆள் தேவை’ என்று போட்டால் ஆள் வராது

‘சமூகச் சந்திப்புக்குத் தொண்டூழியர்கள் தேவை. ஆர்வமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்.’ புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இப்படி ஒரு செய்தி போட்டால் என்ன நடக்கும்? சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், சிலர் கும்பிடு போடுவார்கள், ஒருவர் ‘வாழ்த்துகள்’ என்பார். வேலைக்கு ஒருவரும் வரமாட்டார்.

சமூகப் பயிற்றுநராக மலேசியாவின் பேரா மாநிலத் தோட்டப்புறங்களில் வேலை செய்கிறேன். அண்மையில் சுங்கை சிப்புட் இளைஞர்கள் சிலர் இதே புலம்பலோடு வந்தார்கள். அவர்களுடையது நல்ல திட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம், பேச்சாளர் பட்டியல் கிடையாது. வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையோ தெரிந்துகொள்ள நினைப்பதையோ தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். அதுதான் அன்றைய நிகழ்ச்சி நிரல். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு மனு, வீட்டுக் கடன், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குத் தொழிற்கல்வி என்று எதையும் பேசலாம்.

இந்த முறை புதிதல்ல. மாநாடுகளில் உருப்படியான பேச்செல்லாம் காப்பி இடைவேளையில்தான் நடக்கிறது என்று கவனித்த ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர், 1985இல் இப்படி ஒரு கூட்டத்தை நடத்திப் பார்த்தார். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் கணினித் துறையினர் இதே பாணியில் கூடிய முதல் ‘பார்கேம்ப்’, ஒரு வாரத்துக்கும் குறைவான ஏற்பாட்டில் நடந்தது. அதைக் காட்டி, “அப்புறம் நமக்கு எதற்கு இவ்வளவு ஆள்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தையே திறந்துவிட்டது. நம் ஊரில் மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

நாம் சறுக்குவது முதல் கூட்டத்திலேயே. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளை நிரப்ப ஆரம்பித்துவிடுகிறோம். கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஏற்கெனவே கை சுட்டுக்கொண்டவர்கள் அப்போதே மெல்ல நழுவுவார்கள். வேலை செய்ய அவர்களுக்குத் தயக்கமில்லை. பேரைக் கொடுத்தால் எப்போது விடுவார்கள் என்று தெரியாததுதான் தயக்கம். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: பதவியை விடுங்கள், வேலையைத் துண்டு போடுங்கள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் சேர்த்து, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுக்கு ஒவ்வொரு துண்டும் இருக்கட்டும். நேரில் போய்க் கேளுங்கள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்கா ஒருவரிடம் இந்த இளைஞர்கள் முதலில், “உதவி செய்யுங்கக்கா” என்று மொட்டையாகக் கேட்டிருக்கிறார்கள். “நான் என்னப்பா செய்யப்போறேன், படிச்சவங்களைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார். மறுபடி அவர்களில் ஒரு தம்பியை அனுப்பினோம். இந்த முறை அவன் கேட்டது வேறு: “அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில எட்டுல இருந்து ஒன்பதரை வரைக்கும் வாசல் மேசையில உட்காரணும். வர்றவங்க பேரை ஒட்டுத்தாள்ல எழுதிக் கொடுக்கணும். ஒன்பதரைக்கு நான் வந்து மாத்திவிட்டுடுறேன்.” அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “பசியாறிட்டு வரணுமா, அங்க இருக்கா?”

அன்று அவர் பேர் மட்டும் எழுதவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்த தோட்டத்து ஆட்களை, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி உள்ளே அழைத்துவிட்டார். எந்தச் செயலாளராலும் முடியாத வேலை அது.

சுங்கை சிப்புட்டுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலத்தில், இந்த ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார். தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அமைந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படி வளர்ந்ததுதான். தோட்டம் வாங்கப் பணம் கொடு என்றால் யாரால் முடியும்? ஆளுக்கு ஒரு சிறு பங்கு என்றபோது முடிந்தது.

யாரைக் கேட்பது? எப்போதும் மேடையில் இருப்பவர்களை விடுங்கள். பள்ளி வேன் ஓட்டும் அண்ணனைப் பாருங்கள். எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார் இருக்கிறார்கள், எந்தக் குடும்பம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறிப் போனது என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு மதியம் வரை அவருக்குக் கொஞ்சம் நேரமும் கிடைக்கும். ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) கணக்குப் பார்ப்பார், நாம் பார்ப்பதைவிடச் சுத்தமாக. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஊருக்கு வரச் சொல்லிக் கெஞ்சாமல், சுவரொட்டி வடிவமைப்பதைக் கொடுங்கள்; அதை அங்கிருந்தே செய்துவிடுவார்கள். தேதி வைக்கும்போது தைப்பூசத்தையும் தீபாவளியையும் ஊர்க்கோயில் திருவிழாவையும் ஒட்டி வைக்காதீர்கள். அந்த வாரங்களில் நல்ல ஆட்கள் எல்லாரும் வேறு இடத்தில் அண்டா தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர்கள் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி 18 வயது நிறையாதவர் சிறார். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இருட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள், யாருடன் வீடு திரும்புகிறார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் கைப்பேசி எண்ணைச் சுவரொட்டியில் தொடர்பு எண்ணாகப் போடவே கூடாது. சான்றிதழ் கேட்பார்கள், கொடுக்கலாம். என்ன வேலை செய்தார் என்பதை மட்டும் அதில் தெளிவாக எழுதுங்கள்.

பணம் இல்லாத நிகழ்ச்சி என்பதற்காக, மோட்டாரில் வருகிறவர் எண்ணெய்க் காசைத் தன் பையிலிருந்து போட வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். நம் ஆட்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், அடுத்த முறை வராமல் இருந்துவிடுவார்கள்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். திறப்புரைக்கு ஒய்.பி.யை, அதாவது மக்கள் பிரதிநிதியை அழைத்தால் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று மதியம் ஆகிவிடும். இருக்கிற தொண்டூழியர் எல்லாரும் அவர் காருக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர் வரட்டும், எல்லாரையும் போல ஒரு தாள் எடுத்து எழுதி ஒட்டட்டும்.

மாலையில் நாற்காலி அடுக்கும்போது, யாரும் சொல்லாமலே கை கொடுக்கிறவர்களைக் கவனித்துப் பேரைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.