சோலார்பங்க்: இந்தப் பங்க்கில் பெட்ரோல் கிடையாது

போன வாரம் சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே ஒரு நண்பரிடம் சோலார்பங்க் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "நம்ம ஊருக்கும் வந்துடுச்சா? எங்க, அஸ்தம்பட்டியிலயா?" என்றார். சோலார் தகடு மாட்டிய பெட்ரோல் பங்க் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நமக்குப் பங்க் என்றால் அதுதான்.

இது வேறு பங்க். சோலார், சூரியனைக் குறிக்கும் 'சோல்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, அதில் சிக்கலே இல்லை. பங்க்தான் விவகாரமான சொல். ஆங்கிலத்தில் நானூறு வருஷத்துக்கு முன்னால் பாலியல் தொழில் செய்த பெண்ணை இழிவாகச் சொல்ல வழங்கியது, அப்புறம் உதவாக்கரை, போக்கிரி என்று ஆகி, 1970களில் அந்த வசவையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு பாட வந்தவர்களால் 'அடங்காதவன்' என்று நிமிர்ந்தது. 1980களில் சைபர்பங்க், ஸ்டீம்பங்க் என்று அறிபுனைக் கதை வகைகளோடு ஒட்டிக்கொண்டது. சோலார்பங்க் என்ற சொல் 2008ல் இணையத்தில் வந்த ஒரு கட்டுரையில் தலைகாட்டியது. அதை எழுதத் தூண்டியது, பெரிய பட்டத்தைப் பறக்கவிட்டுக் காற்றின் இழுப்பில் எரிபொருளை மிச்சம் பிடித்த ஒரு சரக்குக் கப்பல். 2012ல் பிரேசிலில் இந்தப் பெயரில் கதைத் தொகுப்பே வந்தது. வெயில், காற்று, மரம், பழுது பார்த்துப் பயன்படுத்தும் சாமான், கூடிப் பேசி முடிவெடுக்கும் ஜனங்கள் என்று நாளைய ஊர் ஒன்றைக் கற்பனை செய்து, முடிந்ததை இன்றைக்கே செய்து பார்ப்பதுதான் பொருள்.

தமிழில் 'சூரியசக்தி இயக்கம்' என்று போடலாம், ஆனால் மானியத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, பங்க் காணாமல் போய்விடுகிறது. கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்பார்களே, அதனால் 'ஞாயிற்றுக் கலகம்' என்றேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார், "ஞாயித்துக்கிழமை மட்டும் பண்றதா?" என்று. யோசித்தால் உறைத்தது. நானே ஞாயிறு காலை கியர் சைக்கிளில் போய், ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதோடு மூச்சு வாங்கித் திரும்பி, திங்கட்கிழமை பைக்கை எடுக்கிற ஆள். அதே திங்கட்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் கேரியரில் மூட்டை, ஹேண்டில்பாரில் தூக்குவாளி என்று லாரி ஹாரனுக்கு அசராமல் மிதிக்கிற பெரியவர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சைக்கிளுக்கு மிதிவண்டி என்று அருமையான சொல் இருக்கிறது. என்ன பிரயோஜனம், பள்ளிக்கூடத்தில் 'விலையில்லா மிதிவண்டி'யாகக் கொடுப்பது வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சைக்கிளாகிவிடுகிறது. நாக்குக்குப் பழகிய சொல்லாக இருக்கட்டும் என்று 'வெயில் கலகம்' என்று மாற்றினேன். சேலத்துக்காரனுக்குச் சூரியனைவிட வெயில் நெருக்கம்.

நண்பர் விடவில்லை. கலகம் 'கலஹம்' என்ற வடசொல், கிளர்ச்சி என்று வை என்றார். சரி, நியாயம்தான். ஆனால் கிளர்ச்சி கொடி பிடித்துத் தெருவுக்கு வருவது. கலகம் நாரதர் வேலை, வீட்டுக்குள் புகுந்து பேச்சைக் கிளப்பி நன்மையில் முடிவது. இதற்குப் பாதி ஒத்துக்கொண்டார். அடுத்து, உன் சோலார் தகடும் பேட்டரியும் யார் ஊர் மண்ணைத் தோண்டிச் செய்தது என்று கேட்டார். மேக்னசைட் என்ற தாதுவுக்காகத் தோண்டித் தோண்டி வெளுத்துப்போன கரட்டைப் பார்த்து வளர்ந்தவர், கேட்கத்தான் செய்வார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, தட்டில் மிச்சமிருந்த பீட்ரூட் துருவலைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.