தக்காளி வெடிக்கும், வயிற்றுத் தோல் வெடிக்காது

பாலக்கோட்டில் என் தங்கைக்கு ஏழாம் மாத வளைகாப்பு. கை நிறைய வளையல் குலுங்க அவள் அடிவயிற்றைச் சொறிந்ததைப் பார்த்ததும் ஆயா அதட்டினார்: “சொறியாதே, கோடு விழும்.” கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எதிர்த்துப் பேச எனக்கு அன்று தைரியம் வரவில்லை. இன்று எழுதுகிறேன்: கர்ப்பிணியின் வயிற்றுத் தோலில் விழும் அந்தக் கோடு (ஆங்கிலத்தில் ஸ்ட்ரெட்ச் மார்க்) நகம் பட்டு விழுவதில்லை. நகம் எட்டாத ஆழத்தில் விழுகிறது.

இராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பல நாள் காய்ந்து கிடந்த தோட்டத்தில் திடீரென்று மழை கொட்டினால் பழம் வெடித்துப்போகும். செடி ஒரேயடியாக நீரை இழுக்கிறது. சதை பருக்கும் வேகத்துக்குத் தோலால் ஈடுகொடுக்க முடியவில்லை. மெல்ல மெல்லப் பருத்திருந்தால் அதே அளவுப் பழம் முழுசாகச் சந்தைக்குப் போயிருக்கும். எவ்வளவு பருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாகப் பருக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

கர்ப்பிணியின் வயிற்றிலும் இந்தக் கணக்குதான். சாதாரண நாளில் 60, 70 கிராம் எடையுள்ள கருப்பை நிறைமாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிவிடுகிறது. உள்ளே குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி வேறு. ஆறாம் மாதத்துக்குப் பிறகு இந்த வளர்ச்சி வேகமெடுக்கிறது. கோடுகள் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அப்போதுதான். தோல் போதாவிட்டால் பட்டுப்புழு நான்கு தடவை சட்டையை உரித்துப் போட்டுவிட்டு வளர்ந்துகொள்ளும். நமக்கு அந்த வசதி இல்லை; இருக்கிற தோலே விரிந்தாக வேண்டும்.

ஆனால் தக்காளிக்கு வெளித்தோல் கிழிகிறது. நமக்கு அது கிழிவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ள மேல்தோலில் உயிரணுக்கள் அடியிலிருந்து ஓயாமல் பிறந்து மேலே வந்து உதிர்கின்றன. ஆகவே அது எப்படியோ சமாளித்துவிடுகிறது. சிக்கல் அதற்குக் கீழே உள்ள உள்தோலில். அங்கே கொலாஜன் என்ற புரதம் தாம்புக்கயிறு போலப் பின்னிக் கிடந்து வலிமை தருகிறது. எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம் ரப்பர் இழையாக ஊடே ஓடி, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்க வைக்கிறது. இழுப்பு அளவு மீறும்போது இந்த ரப்பர் இழைகள் அறுகின்றன, கயிறுகள் பிரிகின்றன. நைந்த சேலையைப் பிடித்து இழுத்தால் இழை விலகி, கிழியாமலே ஒரு பட்டை மெலிந்து தெரியுமே, அதுபோல. இழுக்கிற திசைக்குக் குறுக்காகத்தான் அந்தப் பட்டை விழும்.

புதிய கோட்டின் அடியில் இரத்த நாளங்கள் விரிந்திருப்பதாலும் லேசான அழற்சி இருப்பதாலும் அது சிவந்தோ ஊதாவாகவோ தெரிகிறது. நம் மாநிறத் தோலில் கரும்பழுப்பாகவும் தெரியலாம். பிறகு உடல் அவசரமாகத் தையல் போடுகிறது. புதிய கொலாஜன் வருகிறது, ஆனால் பழைய பின்னல் வருவதில்லை. மெல்லிய கற்றைகளாகத் தோலின் பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொள்கிறது. எலாஸ்டின் கதை இன்னும் மோசம். அதில் பெரும்பகுதியை நாம் பிறப்பதற்கு முன்பும் சிறு வயதிலும் உடல் செய்து முடித்துவிடுகிறது. அறுந்தபின் உருவாகும் இழைகள் துண்டு துண்டாகவே நிற்கின்றன. மாதங்கள் போகப்போக நாளங்கள் சுருங்கி, மேல்தோல் மெலிந்து, கோடு வெளிறிப் பளபளக்கும் தழும்பாகிறது. விரலால் தடவினால் லேசாகப் பள்ளம் தட்டும். உடலுக்கு இதனால் கெடுதல் எதுவும் இல்லை.

இழுப்பு மட்டுமே காரணமா என்றால், இல்லை. கார்டிசால் ஹார்மோன் மிகுந்துபோகும் நோயிலும், ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசினாலும் கர்ப்பம் இல்லாமலே இதே கோடுகள் விழுகின்றன. சிவப்பாக வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். பரம்பரைக்கும் பங்குண்டு. 2013-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, எலாஸ்டின் மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாறுபாட்டை இந்தக் கோடுகளோடு தொடர்புபடுத்தியது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். இளம் வயதில் கருவுற்றவர்களுக்கும் அப்படியே.

எண்ணெயும் க்ரீமும்? ஆறு பரிசோதனைகளில் 800 பெண்களைப் பற்றிய தரவுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் அலசியபோது, பூசினால் கோடு வராமல் தடுக்கலாம் என்பதற்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. மேலே தடவுவது அறுபடும் இழை வரை போய்ச் சேர வேண்டுமே! தேங்காய் எண்ணெய் வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும்; அதற்காகத் தாராளமாகத் தடவலாம். பிரசவத்துக்குப் பிறகு, கோடு சிவந்திருக்கும் பருவத்தில், லேசர் சிகிச்சை ஓரளவு பலன் தரும். கோடுகளுக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை ட்ரெட்டினாயின் களிம்பைக் கர்ப்ப காலத்தில் தொடக்கூடாது.

அரிப்பும் கோடும் ஒரே வயிற்றில் பிறந்தவை. தோல் விரிவதுதான் இரண்டுக்கும் தாய். முன்னது பின்னதைப் பெறவில்லை. வேறொரு அரிப்பு உண்டு. தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரித்தால், அது ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வளைகாப்புக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு ஆயாவிடம் மெல்லக் கேட்டேன். ஆறு பிள்ளை பெற்றவர்; அவர் வயிற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் உண்டு.

“நீங்கள் சொறிந்தீர்களா ஆயா?”

“கேழ்வரகுக் கொல்லையில் களை பறிக்கவே பொழுது சரியாக இருந்தது. சொறிய ஏது நேரம்?” என்றார்.