உடான் டிக்கெட்: கட்டண வரம்பு தூரத்துக்கா, நேரத்துக்கா?

இம்பாலிலிருந்து ஷில்லாங்குக்கு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர்தான். ஆனால் இடையில் மலைகள். சாலை வழியே 12 மணி நேரம் ஆகும். இல்லையென்றால் கவுகாத்திவரை விமானத்தில் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். 2021 ஜூலையில் நேரடி விமானம் வந்ததும் அது சுமார் ஒரு மணி நேரப் பயணமாகிவிட்டது. அதைச் சாத்தியமாக்கியது, சிறு ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டம்.

2016 அக்டோபரில் அறிவித்தார்கள். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ‘ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்’ என்றே எங்கும் சொல்லப்பட்டதால், பறக்கும் நேரத்தைப் பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்துக்கு அப்படியில்லை, தூரம்தான் கணக்கு. தொடக்க விதிகளில் 151 முதல் 800 கிலோமீட்டர் வரை, 25 கிலோமீட்டருக்கு ஒரு படியாகப் பிரித்தார்கள். முதல் படிக்கு உச்ச வரம்பு 1,420 ரூபாய், கடைசிப் படிக்கு 3,500. ஹெலிகாப்டருக்கு மட்டும்தான் நேரக் கணக்கு: அரை மணி நேரம் வரை 2,500, ஒரு மணி நேரத்துக்கு 5,000. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி இந்த வரம்புகளை உயர்த்துவார்கள் என்பதால், பழைய தொகையை இன்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, எல்லா இருக்கைக்கும் இந்த வரம்பு உண்டா? கிடையாது. பெரும்பாலும் பாதி இருக்கைகளுக்குத்தான். 78 இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். என்ற சிறிய ரக விமானம் என்றால் 39. மீதியைச் சந்தை விலைக்கு விற்கலாம். வருமானச் சான்றிதழோ தனி விண்ணப்பமோ தேவையில்லை. முந்திப் பதிவு செய்பவருக்கே குறைந்த விலை. ஆகவே தேதி முடிவானதும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள்.

இதனால் விமான நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. மத்திய அரசின் பங்கு 80 சதவீதம், மாநிலத்தின் பங்கு 20. வடகிழக்கில் 90க்கு 10. அந்தப் பணத்துக்காக முக்கிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் ஒரு தீர்வை வசூலிக்கப்படுகிறது. பெருநகரப் பயணிகளின் காசில் ஒரு சிறு துளி மலையூருக்குப் போவது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் ஒரு வழித்தடத்துக்கு இந்த உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் ஆள் சேராவிட்டால் சேவையே நின்றுபோகலாம். சேலம்–சென்னை விமானம் 2018இல் இதே திட்டத்தில் தொடங்கி 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதனால் பழைய அட்டவணையை நம்பாமல், அந்த வழித்தடம் இப்போதும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்காது. ஷில்லாங் விமான நிலையம் உம்ரோயில் இருக்கிறது, நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அந்த மலைப்பாதைக்கான நேரத்தையும் டாக்சிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.