பென்சன்: ஓய்வூதியமா, உதவித்தொகையா, உரிமைத்தொகையா?

ஊரில் எல்லோரும் சொல்வது பென்சன்தான். முதியோர் பென்சன், ஊனமுற்றோர் பென்சன், விதவை பென்சன். தாலுகா ஆபீசில் இதையெல்லாம் சேர்த்து ஓஏபி (ஓல்டு ஏஜ் பென்சன்) என்பார்கள். அரசின் தாள்களில் பார்த்தால் ஓரிடத்தில் ‘மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஓய்வூதியத் திட்டம்’ என்றும் இருக்கும். எது பொருத்தமான தமிழ்?

முதலில் பென்சன். லத்தீனில் ‘பெண்டெரே’ என்றால் தொங்கவிடுவது, எடை போடுவது. காசு புழங்குவதற்கு முன்னால் உலோகத்தைத் தராசில் நிறுத்துத்தான் கடனை அடைத்தார்கள், அதனால் அந்தச் சொல்லுக்குப் பணம் செலுத்துவது என்ற பொருளும் வந்தது. அதிலிருந்து ‘பென்சியோ’, அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு. ஆக, மூலச்சொல்லில் முதுமையும் இல்லை, ஓய்வும் இல்லை, கொடுக்க வேண்டியதை நிறுத்துக் கொடுப்பது மட்டும்தான். நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு: படி. தானியம் அளக்கும் படிதான் பஞ்சப்படி, பயணப்படி என்று பணத்துக்கும் பெயராகி நிற்கிறது.

ஓய்வூதியம் என்பது அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு அழகாகப் பொருந்தும் சொல். ஊதியம் என்றால் இன்று சம்பளம், பழைய பொருள் ஆதாயம். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாம் சார்பிலார்க்கு இல்லை நிலை’ என்ற குறளில் அந்தப் பொருள்தான் (முதல் போடாதவனுக்கு லாபம் இல்லை, தாங்கிப் பிடிக்கும் துணை இல்லாதவனுக்கு நிலைபேறு இல்லை). ஆனால் பிறவியிலேயே கால் வராமல், வேலைக்குப் போன இடமெல்லாம் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் எதிலிருந்து ஓய்வு பெற்றார்? அவருக்கு வரும் பணத்தை ஓய்வூதியம் என்பது சரியாகப் படவில்லை.

சரி, உதவித்தொகை? மாணவருக்குக் கொடுப்பதும் உதவித்தொகை, வேலையில்லாதவருக்குக் கொடுப்பதும் உதவித்தொகை, அதனால் பழகிய சொல். எனக்கு இதில் உறுத்துவது வேறு. உதவி என்றால் தமிழில் கூடவே நன்றியும் வந்துவிடும், உதவி பெற்றவர் கடன்பட்டவர் ஆகிவிடுவார். ஆபீஸ் வாசலில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நிற்பவர் குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கும், உள்ளே இருப்பவர் தன் பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல் நடந்துகொள்வதற்கும் இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அரசமைப்பின் 41ஆவது பிரிவு வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் ஆதரவு பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது அரசுக்கான வழிகாட்டு நெறிதான், அதை வைத்து நேரே வழக்குப் போட முடியாது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆவது பிரிவில், மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தில் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குத் தரவேண்டும் என்கிறது. காரணம் எளிது. பார்வையில்லாதவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறவேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆட்டோ பிடிக்கவேண்டும், ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் செலவு ஒன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ரூபாய் ஆனது, அதே ஆண்டு ஆகஸ்டில் முதியோருக்கு 1,200 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25 சதவீதம். இதில் ஒன்றிய அரசின் திட்டம் வழியாக வரும் பங்கு 80 வயதுக்குக் கீழே உள்ள மாற்றுத்திறனாளிக்கு மாதம் 300 ரூபாய்தான், 2012 முதல். அதுவும் 80 சதவீத ஊனம் இருந்தால் மட்டும். சட்டத்தின் மற்ற பலன்களுக்கு 40 சதவீதம் போதும் என்கிறபோது இதற்கு மட்டும் ஏன் 80?

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1982லேயே, நகாரா வழக்கில், பென்சன் என்பது யாரும் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல என்று சொல்லிவிட்டது. அவர்கள் செய்த பணிக்கானது என்பது அதன் நியாயம். ஏழை மாற்றுத்திறனாளிக்கு வேறு நியாயம் உண்டு: படிக்கட்டு வைத்துப் பள்ளியைக் கட்டியதும், வேலை தராமல் ஒதுக்கியதும் நாம்தான்.

எனவே என் தேர்வு உரிமைத்தொகை. இது ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கும் சொல். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு அரசே உரிமைத்தொகை என்றுதான் பெயர் வைத்தது, வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கான அங்கீகாரம் என்றது. அந்தப் பெயரை மாற்றுத்திறனாளிக்கும் முதியவருக்கும் கொடுப்பதில் என்ன தடை? எழுதும்போது ‘மாற்றுத்திறனாளி உரிமைத்தொகை’, ‘முதியோர் உரிமைத்தொகை’ என்று எழுதலாம், பேச்சில் பென்சன் இருந்துவிட்டுப் போகட்டும்.

மனு எழுதும்போது மட்டும் கவனம். அங்கே திட்டத்தின் இப்போதைய பெயரையே போடுங்கள். வருவாய்த் துறை கொடுக்கும் இந்தப் பணம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தரும் ‘பராமரிப்பு உதவித்தொகை’ வேறு. பெயர் மாறினால் மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்.